ஹலினா செத்துக் காட்டிய செவ்வாய்

பங்குனி 4, செவ்வாய்

மைனஸ் பதினாறு. வெளிப்படி முழுக்க ஐஸ், கண்ணாடி மாதிரி. அது உருக உப்புப் போடச் சொல்லி வீட்டுக்காரனிடம் மூன்று தரம் சொல்லியாச்சு. கறிக்கே உப்புப் போடாத ஆள், படிக்கா போடப் போகிறான்.

இன்றைக்கு என் கிழவி செத்துப்போனாள். பிறகு எழும்பினாள். எழுத்துக் கோணல்.

முறையாக எழுதவேணும். இந்தக் கொப்பியே அவள் தந்ததுதான். "எழுது றீற்றா. ஒருத்தரும் வாசிக்காத எழுத்துத்தான் சுத்தமான எழுத்து" என்றாள். தான் போலிஷில் எழுதி நிரப்பிய பதினொரு கொப்பியையும் ஒருத்தரும் வாசிக்கவில்லை என்ற எரிச்சல், வேறென்ன. நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். என் எழுத்தை வாசிக்க நானே பயப்படுவேன்.

கிழவி என்றால் ஹலினா. இனி ஹ. போலந்துக்காரி, எண்பத்திரண்டு வயது. நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் இரண்டாம் மாடி. கிழமையில் நாலு நாள் போய்ச் சமைத்து, குளிக்க வார்த்து, மருந்துக் குளிசை கொடுத்து வருகிறேன். மூன்று வருசம். அவளுடைய இங்கிலிஷும் என்னுடைய இங்கிலிஷும் இரண்டு நொண்டிகள் மாதிரி ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நடக்கும். அவள் சொல்வதை என் தமிழில்தான் எழுத முடியும்.

இளமையில் கலைக்காரியாம். பாட்டு இல்லை, ஆட்டம் இல்லை, படம் கீறுவதும் இல்லை. தன் உடம்பை வைத்து ஆட்களுக்கு முன்னால் எதையாவது செய்து காட்டுவது. அவர்கள் ஊரில் இறைச்சிக்கு வரிசை நிற்கிற காலத்தில் கலியாண உடுப்போடு வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் "என்னை நிறுங்கோ" என்று தராசில் ஏறி இருந்தாளாம். பொலிஸ் பிடித்தது. இன்னொரு தரம் கடைக் கண்ணாடிக்குள்ளே மூன்று நாள் உடுப்பில்லாமல். அதற்கும் பிடித்தது. "ஏன் மடாம், உடுப்பு வாங்க வழியில்லையோ?" என்று கேட்டேன். "என்னைப் பற்றிப் பேப்பரிலை எழுதின ஆக்களை விட உனக்குத்தான் கொஞ்சமாவது விளங்கியிருக்கு" என்றாள். இங்கே வந்த பிறகு நாற்பது வருசமாக ஒருத்தரும் பிடிக்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. அதுதான் அவளுக்கு வருத்தம்.

அவளுக்கு ஒரு சட்டம்: தன்னுடைய நிகழ்ச்சியில் கதிரை போடக்கூடாது. நின்றுதான் பார்க்கவேணும். கால் நோக வேணுமாம்.

சரி, காலமை. ஒன்பது மணிக்கு என் திறப்பால் திறந்தேன். நேரத்துக்குப் போனாலும் "லேட்!" என்று கத்துகிறவள். சத்தம் இல்லை. குசினி நிலத்தில் மல்லாக்கக் கிடக்கிறாள். கண் பாதி திறந்தபடி. முகம் வெள்ளை மா (பிறகு தெரிந்தது, மாவேதான்). கை ஐஸ் (ஐஸைத்தான் பிடித்திருக்கிறாள், பாவி).

911 அடித்திருக்க வேணும். வேலைக்குச் சேர்ந்த அன்று ஒஃபிசில் சொல்லித் தந்த முதல் பாடம்: தொடாதே, 911, பிறகு எங்களுக்கு. ஒன்றும் ஞாபகம் வரவில்லை. வந்தது இதுதான்: உடம்பு விறைக்க முதல் வாய் மூடும்படி நாடி கட்டவேணும். மன்னாரில் எங்கள் ஒழுங்கையில் எந்தச் செத்த வீட்டுக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கோப்பை துடைக்கும் துணியால் நாடியைக் கட்டினேன். வீட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் பெருவிரல் இரண்டையும் கேக் பெட்டி நூலால் சேர்த்துக் கட்டினேன். என் செபமாலையைக் கையில் சுற்றினேன். தலைமாட்டில் இருந்தேன். வாய் தானாகத் திறந்தது. ஒப்பாரி. எவ்வளவு நேரம் தெரியாது.

கட்டின வாய்க்குள்ளிருந்து ஒரு "ம்ம்ம்."

பாய்ந்ததில் பிரிட்ஜோடு மண்டை முட்டிப் புடைத்துப்போச்சு. கிழவி எழும்பி இருந்து துணியை அவிழ்க்கிறாள். முதற் சொல்: "நிப்பாட்டாதை."

மேலே பார்த்தால் தட்டில், சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில், கமரா. சிவப்பு லைற்.

"உனக்கு விசரோடி கிழவி?" தமிழில்தான் கத்தினேன். கூடாத சொல்லும் நாலு. எல்லாம் பதிந்திருக்கும்.

அவள் அழுதாள். மூன்று வருசத்தில் இன்றைக்குத்தான் பார்க்கிறேன். "ஏழு நகரத்திலை செத்துக் காட்டினனான் றீற்றா. எல்லா இடமும் கை தட்டினவை. அழுதது நீ ஒருத்திதான்."

கோபத்தில் சூப்புக்கு உப்புப் போடாமல் வந்தேன். 911 அடிக்காதது ஒஃபிசுக்குத் தெரிந்தால் வேலை போகும். தலையிடி. பனடோல் 2.

பங்குனி 5, விபூதிப் புதன்

பனிக்கொட்டல். கோயிலில் நெற்றியில் சாம்பல். பஸ்ஸில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை என் நெற்றியைத் துடைக்கத் தன் துவாயை நீட்டியது.

பின்னேரம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் லவாலில் இருந்து அண்ணை போன். இந்த வருச அம்மாவின் நினைவுப் பூசைக்கு நாள் குறிக்க. வழமை போல, "நீ எண்டபடியால் அம்மா உன்ரை மடியிலை கண் மூடினவ. நான் இஞ்சை குந்திக்கொண்டு இருந்தனான்" என்றார். வழமை போல நான் "விடுங்கோ அண்ணை" என்றேன்.

போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். நேற்று அந்தக் குசினியில் நான் என்ன சொல்லி அழுதேன்? செருப்பைக் கழற்றினது, நூலால் கட்டினது ஞாபகம் இருக்கிறது. அழுத சொல் ஒன்றும் இல்லை.

பங்குனி 6, வியாழன்

பார்த்தேன். ஹ. கொம்பியூட்டரில் போட்டுக் காட்டினாள். ஒரு பொம்பிளை, பின்பக்கம் பெரிய பிரிட்ஜ் மாதிரி, தலை ஆட்டி ஆட்டி அழுகிறாள். நான்தான். இவ்வளவு மொத்தமென்று தெரியாது.

சிரிப்பு அவ்வளவுதான். பிறகு என் ஒப்பாரியின் சொல் கேட்டது.

எழுதப் போகிறேன். எழுதாவிட்டால் வெடித்துவிடும்.

அம்மா என் மடியில் சாகவில்லை. கடைசிச் சண்டை நேரம், ஓட்டத்தில், அம்மாவின் கால் வீங்கி நடக்க முடியாமல் போச்சு. இரண்டு நாள் தூக்கினேன். மூன்றாம் நாள் ஒரு மரத்துக்குக் கீழே இருத்திவிட்டு "இந்தா வாறன்" என்று சொல்லிப் போனேன். வரவில்லை. உயிரோடு இருந்தார்.

முகாமில் இருந்து அண்ணையோடு முதல் முதல் போனில் கதைத்தபோது "அம்மா எங்கை?" என்றார். "என்ரை மடியிலை" என்றேன். அந்த ஒரு சொல்லுக்கு மேல்தான் என் சீவியம் முழுக்கக் கட்டியிருக்கிறது. என்னை இங்கே எடுப்பித்தது அண்ணை. கோயிலில் என்னைக் காட்டி, "தாயைக் கடைசிவரை பாத்தவள், அதாலை கலியாணமும் கட்டேல்லை" என்று பெண்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். நான் பகிடி விட்டுச் சமாளிப்பேன். பதினாறு வருசம் யாருக்கும் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லவில்லை.

குசினி நிலத்தில், மா பூசின ஒரு போலந்துக்காரிக்குச் சொல்லியிருக்கிறேன். மரம், செருப்பு, "வாறனெண்டு சொல்லி வராமல் விட்டனே என்ரை அம்மா" எல்லாம். ராகத்தோடு.

ஹ.: "என்ன சொல்லி அழுகிறாய்?"

நான்: "சும்மா. எல்லாச் செத்த வீட்டுக்கும் பாடுறது."

அவளுக்குத் தமிழ் தெரியாது. நிம்மதி. ஐந்து நிமிசம்தான் இருந்தது.

மணி அடித்தது, ஹ. கூப்பிட்டிருந்த ஆர்ட் கலரிப் பெட்டை வந்தாள். மூக்கில் வளையம், கையில் கேக். படத்தைப் பார்த்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பதினைந்தாம் திகதி சனி, தங்கள் கலரியில் காட்டப் போகிறார்களாம். ஹ.வுக்கு இந்த நாட்டில் இதுதான் முதல் காட்சி. கீழே பிரெஞ்சில் எழுத்து ஓடுமாம். தமிழ் தெரிந்த ஆள் தேடுகிறாளாம்.

கிழவி என் கையைப் பிடித்தாள். சந்தோசத்தில் அவள் கை சூடு. என் கைதான் செத்த கை.

பங்குனி 8, சனி

மைனஸ் மூன்று. வெயில்.

இன்றைக்கு எனக்கு வேலை இல்லை. ஆனாலும் போனேன். "பிரிட்ஜுக்குள்ளை பாலை மறந்திட்டன் மடாம்." பிரிட்ஜுக்குள்ளே பாலா மறக்கிறது! அவளும் கேட்கவில்லை. அவள் குளியலறைக்குப் போன நேரம் கமராவுக்குள் இருந்த சின்ன மெமரி காட்டைக் கழற்றி வாய்க்குள் போட்டேன். வில்லா மரியா மெத்ரோவில் இருந்து அக்காடி வரை வாய் திறக்கவில்லை. ஸ்னோடனில் மாறும்போது தெரிந்த ஒருவர் "என்ன றீற்றா, இண்டைக்கு அமைதி?" என்றார். பல்லைக் காட்டினேன். பல்லுக்குப் பின்னால் அம்மா.

காட் இப்போது அரிசி வாளிக்குள்.

வாங்க: மல்லி, செத்தல் மிளகாய், லைற் பல்ப், கிழவிக்குப் பீற்றூட்.

தேவனே, களவும் எடுத்தாச்சு.

பங்குனி 10, திங்கள்

நேற்றுக் கோடை நேரத்துக்காக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள். எல்லோரும் கொட்டாவி. நான் முழிப்பு.

காட் களவெடுத்தும் பிரயோசனம் இல்லை. கலரிப் பெட்டை வியாழக்கிழமையே படத்தைக் கொப்பி பண்ணிக்கொண்டு போய்விட்டாள். ஹ. காட்டைத் தேடவும் இல்லை. என்னைப் பார்த்து, "களவெடுக்கிறதெண்டால் எனக்குச் சொல்லியிருந்தால் நல்லாய்ச் சொல்லித் தந்திருப்பன்" என்றாள். தெரிந்திருக்கிறது. ஏன் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பின்னேரம் ஜெனி போன். அண்ணையின் மகள், யூனிவர்சிற்றியில் படிக்கிறாள். போன மாரியில் ஒரு நாள் என்னைக் காரில் கொண்டுவந்து விட்டபோது கிழவியைச் சந்தித்தாள். இரண்டும் கூட்டாளிகள்.

"மாமி! உங்கடை மடாம் எனக்கொரு வேலை தந்திருக்கிறா. உங்கடை வீடியோவுக்கு நான்தான் பிரெஞ்சிலை எழுதப் போறன்!"

கதிரையை இழுத்து இருந்தேன்.

"எவ்வளவு முடிச்சிட்டாய்?"

"ஐயோ, இப்பதான் தொடங்கினனான். நீங்கள் பாடுறது ஒண்டும் விளங்கேல்லை மாமி. வீட்டிலை கதைக்கிற மாதிரி இல்லை. 'பூவரசு' எண்டால் ஆரின்ரை பேர்?"

"ஓம். பேர்."

"ஆம்பிளையோ?"

"ஓம், ஆம்பிளை. நல்ல வடிவான ஆம்பிளை."

சிரித்தாள். பிறகு சொன்னாள்: "பரவாயில்லை, நான் லிஸ்ட் எழுதி வைக்கிறன். வியாழக்கிழமை பின்னேரம் அப்பாக்கு அடிச்சுக் கேட்டுக் கேட்டு முடிச்சிடுவன். அண்டைக்கு அப்பாக்கு வேலை ஓஃப்."

ஒப்பாரித் தமிழ் தெரியாத பிள்ளைக்கு அவள் அப்பாவே அகராதி. சொல் சொல்லாக அவர் வாயாலேயே அது வெளியே வரப்போகிறது.

சாப்பிடவில்லை. தேத்தண்ணி மூன்று.

பங்குனி 11, செவ்வாய்

மழை, பனி, மழை. சப்பாத்துக்குள் தண்ணி.

ஹ.வுக்குச் சொன்னேன். குளிக்க வார்க்கும்போது, முதுகைத் தேய்த்துக்கொண்டு, முகத்தைப் பார்க்கத் தேவையில்லாத நேரம் பார்த்து. என் இங்கிலிஷில் அம்மாவை விட்டுவந்த கதை நாலு வசனத்தில் முடிந்துவிட்டது. தமிழில் பதினாறு வருசம்.

தண்ணி சொட்டச் சொட்டக் கிழவி திரும்பினாள். "அப்ப அது உண்மை. அதுதான் அது நல்லாயிருக்கு!"

தேய்த்த துணியைத் தொட்டிக்குள் எறிந்தேன். "உங்களுக்கு அது கலை மடாம். எனக்கு அது அண்ணை."

அவளை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து நின்றேன். பிறகு விழுந்து கிடப்பாளோ என்று பயந்து திரும்பப் போனேன். அப்படியே நுரையோடு இருந்தாள். எலும்பும் தோலும். இந்த உடம்பையா பொலிஸ் பிடித்தது என்று ஒரு நினைப்பு வந்தது. துவாயால் சுற்றினேன். குளிரில் அவளுக்குப் பல் அடித்தது.

"போனைக் கொண்டு வா" என்றாள்.

கலரிக்கு அடித்தாள். பிரெஞ்சில் கதைத்தாள். எனக்கு விளங்கினது "நோ" மட்டும். அது நாலு தரம். அந்தப் பக்கம் பெட்டை அழுகிற மாதிரிக் கேட்டது.

"முடிஞ்சுது. படம் இல்லை" என்றாள். பீற்றூட் சூப்பை முழுக்கக் குடித்தாள், ஒரு குறையும் சொல்லாமல். சூப்பில் இன்றைக்கும் உப்பு இல்லை.

ஜெனிக்கு அடித்தேன். "வேலை நிண்டு போச்சு, அந்த வீடியோவை அழிச்சிடு."

"ஏன் மாமி? பாதி செய்திட்டன். இனி எனக்காக முடிக்கப் போறன். இது எங்கடை குடும்பக் கதைதானே?"

என்ன தெரியும் அவளுக்கு? என்ன தெரியாது?

பங்குனி 12, புதன்

வேலை இல்லை. வீட்டை மூன்று தரம் கூட்டினேன்.

அண்ணைக்குப் போனில் சொல்ல ஐந்து தரம் எடுத்து ஐந்து தரமும் ஒரு மணியோடு வைத்தேன். ஆறாம் தரம் அவரே எடுத்தார்: "என்ன, மிஸ்ட் கோல் விளையாடுறியோ?"

"உங்கடை குரலைக் கேக்க ஆசையாயிருந்தது அண்ணை."

"போடி விசரி. நாளைக்கு வா. ஆட்டிறைச்சி இருக்கு, வெள்ளி விரதத்துக்கு முதல் முடிக்கோணும்."

கேட்க வேண்டியவர் அவர். சொல்ல வேண்டியவள் நான். நடுவில் ஒரு பிள்ளையை விட்டால், அம்மாவை மரத்துக்குக் கீழே விட்ட அதே ஆள்தான் நான்.

பங்குனி 13, வியாழன்

ஹ. லீவு தந்தாள். "போ. நான் சாக மாட்டன், ஆக்கள் இல்லாட்டில் நான் சாகிறேல்லை" என்றாள்.

லவாலுக்கு ஓரஞ்சு லைன். ஆற்றுக்குக் கீழே மெத்ரோ போகும்போது இறங்கி ஓடலாமா என்று நினைத்தேன். எங்கே ஓட? தண்ணிக்குள்ளா?

அண்ணி வேலை. அண்ணை தனிய. வெங்காயம் உரித்துக்கொண்டு, "வா வா. என்னடி, முகம் கிழவி மாதிரிக் கிடக்கு?" என்றார். நான் பகிடி விடாமல் நின்றதிலேயே அவர் கத்தியை வைத்துவிட்டார்.

மேசையில் அவருடைய போன் அடித்தது. ஜெனி.

"எடுக்காதேங்கோ."

"ஏன்?"

"எடுக்காதேங்கோ அண்ணை. அம்மா என்ரை மடியிலை சாகேல்லை."

போன் அடித்து முடியும் வரை நின்றோம். பிறகு திரும்ப அடித்தது. அதுவும் முடிந்தது. சொன்னேன். எல்லாம். எந்த நாள், எந்தப் பாதை, எவ்வளவு தூக்கினேன், எங்கே இருத்தினேன், கிழவியின் குசினியில் அழுதது, அந்தப் படம்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"என்ன மரம்?"

"பூவரசு."

"நிழலோ?"

"நிழல்."

"தண்ணி?"

"அரைப் போத்தல் வைச்சனான்."

"என்ன சொன்னவ?"

இதைக் கிழவிக்கும் நான் சரியாகச் சொல்லவில்லை. ஒப்பாரியில் மட்டும் வந்தது.

"என்ரை செருப்பு அறுந்துபோச்சண்ணை. தன்ரையைக் கழட்டித் தந்தவ. 'போட்டுக்கொண்டு போ, எனக்கேன்' எண்டவ. நான் 'இந்தா வாறன்' எண்டனான். அவவின்ரை செருப்பைப் போட்டுக்கொண்டுதான் நடந்தனான்."

அண்ணை கதவைத் திறந்து வெளியே போனார். ஜக்கெற் இல்லை. ஏற்கெனவே பனி அள்ளின பாதையைத் திரும்பச் சவளால் அள்ளினார். சீமெந்தில் சவள் உரசுகிற சத்தம். ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். வெங்காயத்தை நான் உரித்து முடித்தேன், கையை என்ன செய்வதென்று தெரியாமல்.

அரை மணித்தியாலம் இருக்கும். காது சிவந்து வந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"அம்மாவுக்கு ஒருத்தரும் ஒப்பாரி வைக்கேல்லை எண்டு இவ்வளவு நாளும் நினைச்சனான். நீ வைச்சிருக்கிறாய். அதுவும் ஆரோ ஒருத்திக்கு."

"ஓம்."

"அந்தப் படம் எத்தினை மணிக்கு?"

"நிப்பாட்டியாச்சு அண்ணை."

"போட்டுக் காட்டச் சொல்லு. ஆக்களுக்கு நடுவிலைதான் நான் அதைக் கேக்கோணும். ஆக்களுக்கு நடுவிலைதானே பதினாறு வருசம் உன்னைப் புகழ்ந்தனான்."

சாப்பிடச் சொல்லவும் இல்லை. கொண்டுவந்து விடவும் இல்லை. என் அண்ணை என்னை மெத்ரோ வரை நடக்க விட்டது இதுதான் முதல் தரம்.

பங்குனி 14, வெள்ளி

ஹ.வுக்குச் சொன்னேன். அண்ணை படத்தைப் போடச் சொன்னதை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "எழுத்து ஓட வேணுமோ?" என்று என்னைக் கேட்டாள், தனக்குச் சட்டம் தானே என்று வாழ்ந்தவள்.

யோசித்தேன். "ஓடட்டும். மடியிலை எண்ட பொய்யைத் தமிழிலை சொன்னனான். உண்மையை எல்லாரும் வாசிக்கட்டும்."

ஜெனி போன். அழுத குரல். "மாமி, பூவரசு மரம் எண்டு அப்பா சொன்னவர். நான் மிஸ்யோ பூவரசு எண்டு ஒரு ஆம்பிளையையெல்லோ எழுதி வைச்சனான்." இரண்டு பேரும் சிரித்து, சிரிப்பு வேறு மாதிரிப் போய், அவள் வைத்துவிட்டாள்.

"அப்பா என்ன சொல்லுறார்?" என்று கேட்டிருக்க வேணும். கேட்கவில்லை. பயம்.

பங்குனி 15, சனி

பிளஸ் நாலு. பனி உருகிக் கூரைப் பீலியால் ஓடுகிறது. படியில் உப்புப் போட்டிருக்கிறான் வீட்டுக்கார மனுசன், உருகின பிறகு.

கறுப்புச் சீலையா, நீலமா? நீலம். பிறகு கறுப்பு. பிறகு நீலம்.

காலமை ஹ. போன். தலைமுடிக்குச் சாயம் போட்டாளாம், செம்மஞ்சள். "ஏழு நகரத்திலை எனக்குக் கால் நடுங்கேல்லை. இண்டைக்கு நடுங்குது. ஏன்?"

"இண்டைக்கு நீங்கள் சாகேல்லை மடாம். அதுதான்."

பிறகு: "உன்ரை அண்ணைக்கு எத்தினை வயசு?"

"அறுபத்தொண்டு."

"ஒரு கதிரை போடச் சொல்லிட்டன்."

வைத்துவிட்டாள்.

ஜெனியின் மெசேஜ்: அப்பாவும் நானும் வெளிக்கிட்டிட்டம், உங்களை ஏத்திக்கொண்டு போறம். அண்ணை ஏற்றச் சொன்னாரா, இவளாகச் சொல்கிறாளா, தெரியாது. கேட்டு எழுதினேன். மறுமொழி இல்லை.

காலில் என்ன போட? பூட்ஸ்தான். ஈரம்.

கீழே கார் நிற்கிறது. ஹோர்ன் அடிக்கவில்லை. ஜன்னலால் பார்த்தேன். அண்ணைதான் காரை ஓடிக்கொண்டு வந்திருக்கிறார். ஜெனி பின் சீற்றில். முன் சீற் வெறுமை. குனிந்து, அந்தப் பக்கத்துக் கதவை உள்ளேயிருந்து திறந்து வைக்கிறார். போகிறேன்.